பாத்திரம் துலக்கும் தொட்டியில் பிறந்த அறிவியல்



உங்கள் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு வெள்ளைத்தாளில் கோடு போடுங்கள். கோடு அழகாக விழும். அதே பேனாவால் ஒரு பழைய ரெக்சின் பையின்மேல் கோடு போட்டுப் பாருங்கள். மை சீராகப் பரவாது. இங்கொன்றும் அங்கொன்றுமாகத் திரண்டு, முத்து முத்தாக நிற்கும். காய்ந்த பிறகு விரலால் தேய்த்தால், வந்த சுவடே தெரியாமல் போய்விடும்!

ரெக்சின் என்பது துணியின்மேல் வினைல் பிளாஸ்டிக்கைப் பூசிச் செய்வது. தண்ணீர் வரும் பி.வி.சி. குழாய், மின்கம்பியின் மேலுறை, தெருவில் கட்டும் பிளெக்ஸ் பேனர் எல்லாம் இதே வினைல் குடும்பம்தான். ஸ்கெட்ச் பேனா மையோ தண்ணீரில் கலந்த மை. இந்த இரண்டும் ஏன் ஒட்டுவதில்லை?

பிளெக்ஸ் பேனரில் மட்டும் எழுத்து அழியாமல் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அதற்குப் பெரும்பாலும் வேறு வகை மையைப் பயன்படுத்துகிறார்கள். அந்த மையில் தண்ணீருக்குப் பதில் ரசாயனக் கரைப்பான் இருக்கும். அது வினைலின் மேற்பரப்பைச் சற்றே இளக்கி, மையைக் கெட்டியாகப் பிடிக்க வைக்கும். ஆனால் அந்தக் கரைப்பான் ஆவியாகும்போது நெடி வீசும். காற்றோட்டம் இல்லாத அறையில் நாள் முழுவதும் அதைச் சுவாசித்தால் தலைவலி வரும்; உடம்புக்கும் கெடுதல். அச்சுக்கூடத்தில் வேலை செய்பவர்களின் நலனுக்காகத்தான், தண்ணீர் மையையே வினைலில் ஒட்ட வைக்க விஞ்ஞானிகள் பாடுபடுகிறார்கள்.

இந்த முயற்சிக்கு வேண்டிய அறிவியலுக்கு அடித்தளம் இட்டவர்களில் ஒரு பெண்மணியும் உண்டு. கல்லூரிப் படியே மிதிக்காதவர் அவர். அவருடைய ஆராய்ச்சிக்கூடம் எது தெரியுமா? வீட்டுச் சமையலறை! அவர் பெயர் ஆக்னெஸ் போக்கெல்ஸ். அவருடைய கதையைக் கேளுங்கள்.

மூடியிருந்த கதவு

ஆக்னெஸ் 1862-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் தேதி வெனிஸ் நகரில் பிறந்தார். தெருக்களுக்குப் பதில் கால்வாய்களும், வண்டிகளுக்குப் பதில் படகுகளும் நிறைந்த ஊர் அது. இன்று இத்தாலியில் உள்ள வெனிஸ், அப்போது ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. ஆக்னெஸின் தந்தை தியோடர் போக்கெல்ஸ், ஆஸ்திரிய ராணுவத்தில் அதிகாரியாகப் பணியாற்றினார்.

மலேரியா நோய் தந்தையின் உடல்நலத்தைக் கெடுத்தது. அதனால் 1871-ல் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். குடும்பம் ஜெர்மனியில் உள்ள பிரவுன்ஷ்வைக் நகரில் குடியேறியது. அப்போது ஆக்னெஸுக்கு 9 வயது. அங்கே பெண்கள் பள்ளியில் படித்தார். அறிவியல் பாடங்கள் என்றால் அவருக்குக் கொள்ளை ஆசை. அதிலும் இயற்பியல் என்றால் உயிர்.

ஆனால் பள்ளிப் படிப்பு முடிந்ததும் வழி அடைபட்டது. அந்நாளில் ஜெர்மனியில் பெண்களைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துக்கொள்வதில்லை. பின்னாளில் அந்த வழக்கம் தளர்ந்தபோதும், பெற்றோர் விரும்பாததால் அவர் போகவில்லை. நோயுற்ற பெற்றோரைக் கவனிப்பது, சமைப்பது, பாத்திரம் துலக்குவது என்று வீட்டுப் பொறுப்பு முழுவதும் அவர் தலையில் விழுந்தது.

அவருக்கு பிரெடரிக் என்று ஒரு தம்பி. மூன்று வயது இளையவர். அவர் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தார். பிறகு பேராசிரியரும் ஆனார். தம்பிக்குத் திறந்த கதவு அக்காவுக்குத் திறக்கவில்லை! ஆனால் அந்தத் தம்பி நல்லவர். தன் பாடப்புத்தகங்களை அக்காவுக்குக் கொடுத்தார். வீட்டு வேலைக்கு நடுவே ஆக்னெஸ் அவற்றைத் தாமாகவே படித்துத் தேர்ந்தார்.

எண்ணெய் மிதந்த தண்ணீர்

ஆக்னெஸுக்கு ஏறக்குறைய 18 வயது இருக்கும். பாத்திரம் துலக்கும் தண்ணீரை அவர் கூர்ந்து கவனிக்கத் தொடங்கினார். எண்ணெய்ப் பிசுக்கும் சோப்பும் கலந்த அந்தத் தண்ணீரைப் பார்த்தால் நாம் என்ன செய்வோம்? முகத்தைச் சுளித்துக் கொட்டிவிடுவோம். ஆக்னெஸோ அதில் ஓர் அதிசயத்தைக் கண்டார். துளியளவு அழுக்கு சேர்ந்தாலும் தண்ணீரின் மேற்பரப்பு தன் குணத்தை மாற்றிக்கொண்டது!

தண்ணீரின் மேற்பரப்புக்கு அப்படி என்ன குணம்? சொல்கிறேன். தண்ணீர் என்பது கோடானுகோடி மூலக்கூறுகளின் கூட்டம். அவை ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். உள்ளே இருக்கும் மூலக்கூறை நான்கு பக்கமும், மேலும் கீழும் கூட்டாளிகள் இழுப்பார்கள். மேற்பரப்பில் இருக்கும் மூலக்கூறுக்கோ மேலே இழுக்க ஆளில்லை. அதனால் அது பக்கவாட்டிலும் உள்நோக்கியுமே இழுபடும். இதனால் தண்ணீரின் மேற்பரப்பு, இழுத்துக் கட்டிய தோல் போல விறைப்பாக இருக்கும். இதுதான் பரப்பு இழுவிசை. குளத்தில் சில பூச்சிகள் தண்ணீரின்மேல் நடப்பதும், சேப்பங்கிழங்கு இலையில் மழைத்துளி உருண்டு நிற்பதும் இதனால்தான்.

எண்ணெயோ சோப்போ பட்டால் இந்த விறைப்பு தளர்ந்துவிடும். எவ்வளவு அழுக்குக்கு எவ்வளவு தளரும்? இதை அளந்து பார்க்க வேண்டும் என்று ஆக்னெஸ் முடிவு செய்தார். ஆனால் அதற்குக் கருவி? கடையில் வாங்க முடியாது. ஏனென்றால் அப்படி ஒரு கருவி உலகத்திலேயே அப்போது இல்லை!

தகரத் தொட்டி

அவரே செய்துகொண்டார். நீளம் 70 சென்டிமீட்டர், அகலம் 5 சென்டிமீட்டர், உயரம் 2 சென்டிமீட்டர். இதுதான் அந்தத் தகரத் தொட்டி. அதில் விளிம்புவரை தண்ணீரை நிரப்பினார். சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு தகரப் பட்டையை, தொட்டியின் குறுக்கே தண்ணீரைத் தொடும்படி வைத்தார்.

இப்போது பட்டையை ஒரு பக்கமாக நகர்த்தினால் என்ன ஆகும்? முன்பக்கம் உள்ள பரப்பு சுருங்கும். அங்கே மிதக்கும் அழுக்கெல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். பின்பக்கம் உள்ள பரப்பு விரிந்து சுத்தமாகும். வாசலைத் துடைப்பத்தால் பெருக்குவது போல, தண்ணீரின் மேற்பரப்பையே அவர் பெருக்கினார்!

அடுத்து, சட்டைப் பொத்தான் போன்ற ஒரு சிறு வட்டத் தகடு. அதன் குறுக்களவு 6 மில்லிமீட்டர். அதைத் தராசின் ஒரு பக்கத்தில் தொங்கவிட்டு, தண்ணீரின் மேற்பரப்பைத் தொட வைத்தார். தண்ணீர் அதைப் பிடித்துக்கொள்ளும். அதைப் பிய்த்து எடுக்க எவ்வளவு எடை வேண்டும் என்று பார்த்தார். விறைப்பு அதிகம் என்றால் எடையும் அதிகம். தளர்ந்திருந்தால் குறைந்த எடையே போதும்.

இப்படிப் பல ஆண்டுகள் பொறுமையாக அளந்தார். ஒரு விந்தையான உண்மை தெரிந்தது. பட்டையை நகர்த்திப் பரப்பைச் சுருக்கிக்கொண்டே வந்தபோது, முதலில் விறைப்பில் மாற்றமே இல்லை. சுத்தமான தண்ணீர் போலவே இருந்தது. ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே பரப்பு சுருங்கியதும், விறைப்பு திடீரென்று தளரத் தொடங்கியது!

ஏன் அப்படி? கோயில் திருவிழாக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இடம் தாராளமாக இருந்தால் யாரும் யார்மேலும் மோதுவதில்லை. இடம் குறையக் குறைய, தோளோடு தோள் ஒட்டி நிற்கும் நிலை வரும். அதற்குமேல் நெருக்கினால் தள்ளுமுள்ளுதான். எண்ணெய் மூலக்கூறுகளும் அப்படியே. அவை ஒரே ஓர் அடுக்காக, தோளோடு தோள் ஒட்டி நிற்கும் நிலைதான் அந்தக் குறிப்பிட்ட அளவு. இந்த விளக்கம் பிற்பாடு அறிஞர்கள் கண்டது. அந்த அளவுக்கு இன்று போக்கெல்ஸ் புள்ளி என்றே பெயர்.

ஒரு மூலக்கூறு கனமுள்ள அடுக்கு என்றால் எவ்வளவு மெலிது தெரியுமா? ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால், அதில் இரண்டு மூன்று பங்குதான்! கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலம், தண்ணீரின் குணத்தையே மாற்றிவிடுகிறது. இந்த உண்மையை மறந்துவிடாதீர்கள். ரெக்சின் பையின் ரகசியமும் இதில்தான் இருக்கிறது.

இங்கிலாந்துக்கு ஒரு கடிதம்

ஏறக்குறைய பத்து ஆண்டுகள் இந்த ஆராய்ச்சி சமையலறைக்குள்ளேயே இருந்தது. பட்டம் இல்லை, பதவி இல்லை, பெண் வேறு. அறிவியல் இதழ்களில் எழுத அவருக்கு வழியில்லை.

அப்போது இங்கிலாந்தில் ராலே பிரபு என்ற பெரிய விஞ்ஞானியும் தண்ணீர்ப் பரப்பைப் பற்றி ஆராய்ந்து வருவதை ஆக்னெஸ் அறிந்தார். 1891-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் தேதி, துணிந்து அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். தம் தொட்டி, தாம் அளந்த முறை, கண்ட முடிவு எல்லாவற்றையும் ஜெர்மன் மொழியில் விளக்கினார். அப்போது அவருக்கு 28 வயது.

முன்பின் அறியாத பெண்ணின் கடிதம் என்று ராலே பிரபு அதை ஒதுக்கவில்லை. அவருடைய மனைவி அந்தக் கடிதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தார். கடிதத்தைப் படித்த ராலே பிரபு, இவை மதிப்புமிக்க முடிவுகள் என்பதை உடனே உணர்ந்தார். தாமும் அதே துறையில் உழைப்பவர் ஆயிற்றே, அந்த முடிவுகளைத் தம் பெயரில் வெளியிட்டுக்கொண்டாரா? இல்லை! புகழ்பெற்ற நேச்சர் இதழுக்கு அதை அனுப்பி, வெளியிடும்படி கேட்டுக்கொண்டார். 1891 மார்ச் 12-ஆம் தேதி ஆக்னெஸின் பெயரிலேயே கடிதம் வெளிவந்தது. பெரிய மனிதர் என்றால் அவரல்லவா பெரிய மனிதர்! இந்த ராலே பிரபு 1904-ல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார்.

அதன்பிறகு ஆக்னெஸின் கட்டுரைகள் பல இதழ்களில் வந்தன. வீட்டு வேலையும் நோயாளிகளைக் கவனிப்பதும் மட்டும் குறையவில்லை. கிடைத்த நேரத்தில்தான் ஆராய்ச்சி.

துளி நிற்கும் கோணம்

1914-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரை நம் கதைக்கு முக்கியமானது. திடப்பொருளின்மேல் திரவம் எப்படிப் பரவுகிறது, அதன் விளிம்பு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதைப் பற்றியது அது.

சுத்தமான கண்ணாடியில் ஒரு துளி தண்ணீர் விட்டால் தட்டையாகப் பரவும். துளியின் விளிம்பு மிகச் சிறிய கோணத்தில் சரிந்திருக்கும். மெழுகு தடவிய பரப்பில் அதே துளி உருண்டு நிற்கும். அங்கே கோணம் பெரிது. இந்தக் கோணத்துக்குச் சேர்கோணம் என்று பெயர். கோணம் சிறிது என்றால் நட்பு. பெரிது என்றால் ஒட்டாத உறவு. இப்படி எளிதாக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் காலம் அவருக்குச் சோதனைக் காலம். 1913-ல் அன்புத் தம்பி பிரெடரிக் இறந்தார். அடுத்த ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது. புதிய அறிவியல் நூல்களும் இதழ்களும் அவருக்குக் கிடைப்பது அரிதாயிற்று. மெல்ல மெல்ல ஆராய்ச்சி நின்றது.

ஆனால் அவர் ஊன்றிய விதை முளைத்தது. அமெரிக்க விஞ்ஞானி இர்விங் லாங்மியூர், ஆக்னெஸின் தொட்டியைத் திருத்தியமைத்து, 1917-ல் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். பரப்பு வேதியியலில் செய்த பணிகளுக்காக 1932-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே 1932-ல் ஆக்னெஸுக்கு 70 வயது. பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. மாணவியாகச் சேர முடியாதவரைப் பல்கலைக்கழகமே அழைத்துச் சிறப்பித்தது! 1935 நவம்பர் 21-ஆம் தேதி அவர் மறைந்தார்.

ரெக்சின் பையின் ரகசியம்

இப்போது ரெக்சின் பைக்கு வருவோம்.

ஆக்னெஸ் வாழ்ந்த காலத்திலேயே, 1926-ல், அமெரிக்காவில் வால்டோ செமன் என்பவர் வினைலை ரப்பர் போல வளையும்படி செய்யும் வழியைக் கண்டுபிடித்தார். அதன் பிறகுதான் வினைல் வீட்டுக்கு வீடு வந்தது.

வினைலுக்கு ஒரு பலவீனம் உண்டு. தகடாகவோ குழாயாகவோ வார்க்க அதைச் சுமார் 160 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டில் அது சிதைந்து அமில ஆவியை வெளிவிடும். மஞ்சளாகி, பிறகு கருகிவிடும். இதைத் தடுக்க வெப்பம் தாங்க உதவும் பொருள்களைக் கலக்கிறார்கள். கால்சியம், துத்தநாகம் ஆகியவற்றைக் கொழுப்பு அமிலத்தோடு சேர்த்துச் செய்த உப்புகள் இவற்றில் முக்கியமானவை. நாம் தேய்த்துக் குளிக்கும் சோப்புக்கு இவை உறவுக்காரர்கள்தான். வளைந்து கொடுக்க எண்ணெய் போன்ற ஒரு பொருளும், உருளையில் ஒட்டாமலிருக்க வழுக்கும் பொருளும் சேர்ப்பார்கள்.

இவையெல்லாம் உள்ளேயே சும்மா இருப்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மேற்பரப்புக்கு வந்து, கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படியும். ஆம், ஆக்னெஸ் தம் தொட்டியில் கண்ட படலத்தைப் போன்றதே!

தண்ணீர் மை ஒட்டாததற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, இழுவிசைக் கணக்கு. ஒரே அளவுகோலில் அளந்தால், தண்ணீரின் விறைப்பு 72. வினைல் பரப்பின் இழுக்கும் வலிமையோ ஏறக்குறைய 40 தான். தண்ணீர் தன் மூலக்கூறுகளைத் தன்னிடமே இழுத்து வைத்துக்கொண்டு, துளியாகத் திரண்டுவிடுகிறது. இரண்டாவது, அந்தப் பிசுக்குப் படலம். உதிரும் சுண்ணாம்புச் சுவரில் காகிதம் ஒட்டிப் பார்த்திருக்கிறீர்களா? பசை நல்ல பசைதான். ஆனால் காகிதத்தைப் பிய்த்தால் சுண்ணாம்போடு சேர்ந்து வந்துவிடும். அதுபோல, மை படலத்தைத்தான் பிடித்திருக்கிறது, வினைலைப் பிடிக்கவில்லை. படலம் நகர்ந்தால் மையும் போச்சு!

நோய் தெரிந்தால் மருந்து தெரியாதா? முதல் மருந்து, சுத்தம். அச்சிடுவதற்கு முன் வினைலின் பிசுக்கைத் தகுந்த திரவத்தால் துடைத்தெடுக்கிறார்கள். வெப்பம் தாங்க வைக்கும் பொருள்களிலும், எளிதில் மேலே வராதவற்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இரண்டாவது, வினைலின் மேற்பரப்பைத் தண்ணீருக்கு நட்பாக்குவது. உயர் மின்னழுத்தப் பொறிகளைப் பரப்பின்மேல் பாய்ச்சுவது ஒரு முறை. அதனால் தண்ணீரை ஈர்க்கும் ஆக்சிஜன் அணுக்கள் பரப்பில் வந்து சேரும். சுவருக்குப் பெயின்ட் அடிக்குமுன் பிரைமர் பூசுவது போல, முன்பூச்சு பூசுவது இன்னொரு முறை.

மூன்றாவது, மையையே மாற்றுவது. சோப்பின் வேலையைச் செய்யும் ஒரு பொருளைச் சிறிதளவு சேர்த்தால் மையின் விறைப்பு தளர்ந்து, நன்றாகப் பரவும். ஆனால் அளவு மீறினால் அதுவே புதிய பிசுக்குப் படலமாகிவிடும்! பரவுவது வேறு, பிடிப்பது வேறு அல்லவா? பிடிப்பதற்காக மையில் நுண்ணிய பிளாஸ்டிக் துகள்களைக் கலக்கிறார்கள். அச்சிட்டபின் இதமாகச் சூடு காட்டினால் தண்ணீர் ஆவியாகும். துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து, வினைலைப் பற்றிக்கொள்ளும். சூடு அதிகமானால் வினைலே சுருங்கிவிடும். எல்லாவற்றுக்கும் அளவு வேண்டும்!

ஒட்டியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? காய்ந்த மையின்மேல் கட்டம் கட்டமாகக் கீறி, ஒட்டும் நாடாவை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுப்பார்கள். நாடாவோடு மை வராவிட்டால் தேர்வில் வெற்றி!

நீங்களும் செய்யலாம்

ராலே பிரபு ஆராய்ந்த ஒரு வேடிக்கையை நீங்களும் பார்க்கலாம். சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்து, பலமுறை அலசிய ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றுங்கள். சிறிய சூடத் துணுக்கைக் கிள்ளிப் போடுங்கள். அது தண்ணீரின்மேல் சுற்றிச் சுற்றி ஓடும். இப்போது விரலில் துளி எண்ணெயைத் தொட்டு, தண்ணீரின் ஓரத்தைத் தொடுங்கள். ஓடிய சூடம் சட்டென்று நின்றுவிடும்! சூடத்தை வாயில் வைக்கக் கூடாது, கொளுத்தவும் கூடாது. பெரியவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

பிறகு மூன்று இடங்களில் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஒன்று கழுவிய கண்ணாடியில், ஒன்று ரெக்சின் பையில், மற்றொன்று சோப்பால் கழுவித் துடைத்த ரெக்சினில். பக்கவாட்டில் குனிந்து, துளிகளின் விளிம்பைக் கவனியுங்கள். கண்டதை நோட்டுப் புத்தகத்தில் படமாக வரைந்து, தேதியும் போட்டு வையுங்கள்.

ஆக்னெஸுக்குப் பெரிய ஆய்வகம் கிடைக்கவில்லை. ஆசிரியர் கிடைக்கவில்லை. ஊக்கம் கொடுக்கவும் பலர் இல்லை. கிடைத்தது பாத்திரம் துலக்கும் தண்ணீர்தான். அதையே கூர்ந்து பார்த்தார், அளந்தார், எழுதி வைத்தார். படிக்க விரும்பும் ஒரு பெண்ணுக்குக் கதவை மூடினால் உலகம் எவ்வளவு இழக்கும் என்பதையும் அவர் கதை நமக்குச் சொல்கிறது. உங்கள் அக்காவோ தங்கையோ மேலே படிக்க ஆசைப்பட்டால், நீங்கள் பிரெடரிக் போல இருங்கள். யாராவது புதிதாக ஒன்றைக் கண்டு சொன்னால், ராலே பிரபு போல இருங்கள்.

இன்று இரவு சாப்பிட்ட தட்டை நீங்களே கழுவுங்கள். அம்மாவுக்கும் உதவி. உங்களுக்கும் ஓர் ஆராய்ச்சி!